பழைய காரை மேனுவலாக மாற்றுங்கள், ஆனால் வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆட்டோமேட்டிக் கார்களை மேனுவல் கியருக்கு மாற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மைலேஜ் கூடும், ஓட்டவும் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எப்படி மாற்ற வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் நல்ல நல்ல கார்களைக் கண்ணெதிரே கேஸ் கட்டர் வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கேரளத்தில் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123 கார்கள் இன்னும் ஓடுகின்றன. 1976 முதல் 1986 வரை வந்த மாடல், 240டி, 300டி என்று டீசல் வண்டிகள், அதில் பலவும் ஆட்டோமேட்டிக். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் வந்தால் எண்ணெய் சூடாகி, கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைப்பது போல வண்டி குலுங்கும், உடனே "பெட்டி (கியர்பாக்ஸ்) போச்சு, மேனுவல் வைத்துவிடலாம்" என்று பட்டறையில் சொல்லிவிடுவார்கள்.

முதலில் பெட்டி நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது, சூடான நிலையில், கியர் லிவர் 'பி'யில் (பார்க்கிங் நிலையில்) இருக்க, கியர்பாக்ஸ் எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி எண்ணெயை மோந்து பாருங்கள். கருகிய வாடையும் பழுப்பு நிறமும் இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் முக்கால்வாசி வேறு கோளாறு. இந்த டீசல் வண்டிகளில் கியர் மாறும் மென்மையை ஒரு வேக்குவம் குழாய்தான் (காற்றை உறிஞ்சும் மெல்லிய குழாய்) தீர்மானிக்கிறது, அதன் ரப்பர் இணைப்பு வெடித்திருந்தாலே உதை வரும். அந்த ரப்பர் துண்டின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது. எண்ணெய் மாற்றும்போதும் பலர் அடித்தட்டை மட்டும் கழற்றி வடிக்கிறார்கள். எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் மூலம் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குத் தனி வடிகால் போல்ட் இருக்கிறது, எஞ்சினைக் கையால் சுழற்றினால் அது கீழே வரும், அதையும் திறக்காவிட்டால் ஏராளமான பழைய எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

சரி, எல்லாம் பார்த்தும் பெட்டி தேறவில்லை, அல்லது உங்களுக்கு மேனுவல்தான் பிடிக்கும். தாராளமாக மாற்றுங்கள். இந்தக் கார் கம்பெனியிலிருந்தே இரண்டு விதமாகவும் வந்தது. அதனால் அதே குடும்பத்து மேனுவல் வண்டி ஒன்றின் பாகங்களை மொத்தமாக வாங்கினால் தரையை அறுக்க வேண்டிய வேலையே வராது. மொத்தமாக என்றால் கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், பெடல் பிராக்கெட், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், கிராஸ் மெம்பர், பிராப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்த்து. கிளட்சுக்கான எண்ணெய் பிரேக் எண்ணெய்த் தொட்டியிலிருந்தே போகிறது, அதையும் மறக்கக் கூடாது. கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) முனையில், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் உட்காரும் இடம் சரியாக இருக்கிறதா என்று ஃப்ளைவீல் பூட்டும் முன் பார்த்துவிட வேண்டும், பிறகு பார்த்தால் எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டி வரும்.

கிராங்கின் பின்முனையில் பூட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இந்த எஞ்சின்களில் கிராங்கும் அதன் பின்னால் பூட்டிய தகடும் (மேனுவலில் ஃப்ளைவீல்) சேர்த்தே பேலன்ஸ் செய்யப்பட்டவை. கிராங்கில் ஏறியிருந்த ஆட்டோமேட்டிக் தகட்டையும், புதிதாகப் போடப்போகும் ஃப்ளைவீலையும் ஒன்றாகக் கோவைக்கு எடுத்துப் போய், பழையது எந்தப் பக்கம் எவ்வளவு கனமோ அதே கணக்கில் புதியதையும் செதுக்கித் தரச் சொல்லுங்கள். பேலன்சிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பூட்டினால் ஸ்டீயரிங்கில் கை நடுங்கும், நாளாக நாளாகப் பெட்டி மவுண்ட் கிழியும்.

அப்புறம், கழற்றிய பெட்டிக்குப் போன வேக்குவம் குழாயைத் திறந்தே விட்டால் சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது, ஏனென்றால் இந்த டீசலை நிறுத்துவதே வேக்குவம்தான். அதை நன்றாக அடைத்துவிடுங்கள். 'பி' அல்லது 'என்' (நியூட்ரல்) நிலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகும்படி இருந்த சுவிட்சின் வயரை வெறுமனே முறுக்கி இணைக்காதீர்கள், கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதற்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் கியரில் நிற்கும் வண்டியைக் குழந்தை சாவி திருகினாலும் பாய்ந்துவிடும்.

என் மாமா மகனின் 300டிக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. ஒரு பட்டறையில் ஜீப் கியர்பாக்ஸ் ஒன்றை அடாப்டர் தகடு போட்டு ஏற்றினார்கள். லிவர் வெளியே வர டனலை (கியர்பாக்ஸுக்கு மேல் தரையில் மேடாக இருக்கும் பகுதி) கேஸில் அறுத்தார்கள், கிராஸ் மெம்பருக்கு ஆங்கிள் இரும்பு வெல்டிங் வைத்தார்கள். இன்று நான்காவது கியரில் வண்டி ரீங்காரம் போடுகிறது, மழையில் அறுத்த ஓரமெல்லாம் துரு. பழைய பெட்டியைத் திரும்ப வைக்கலாம் என்றால் அதை டார்க் கன்வெர்ட்டரோடு கிலோ கணக்கில் போட்டு முடித்துவிட்டார்கள். அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி 50 ஆண்டு தாண்டிய கார், சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். முதல் டபிள்யூ 123 கார்கள் வந்த 1976-உடன் 50-ஐக் கூட்டிப் பாருங்கள். வெறும் போல்ட்டில் மாற்றிய கியர்பாக்ஸைத் திரும்பக் கழற்றலாம். அறுத்த டனல் பாடி ஷெல்லில் சேர்ந்தது, அதை எந்த டிங்கராலும் பழையபடி ஆக்கித் தர முடியாது.

எனவே இந்தக் கடிதத்தைப் படிக்கும் கார் உரிமையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், கழற்றிய ஆட்டோமேட்டிக் பெட்டியை விற்காதீர்கள். கன்வெர்ட்டரையும் குளிர்விப்பான் குழாய்களையும் சேர்த்து, துளைகளை அடைத்து, வண்டி எண்ணைச் சீட்டில் எழுதிக் கட்டி, ஈரம் ஏறாத இடத்தில் மரப்பலகை மேல் வையுங்கள். காரை விற்கும் நாளில் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.