தன் சாக்கெட்டைத் தேய்த்துக் கொடுத்த அண்ணனுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

என் வண்டியில் இஞ்சின் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் ப்ளக் கழலாமல் இறுகிக் கிடந்ததே, அது கழன்றுவிட்டது. பழைய ஆயில் சொட்டுவிடாமல் இறங்கி, புது ஆயில் ஊற்றியாகிவிட்டது. சம்ப் (இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) விரிசல் விடவில்லை, மரையும் போகவில்லை. நடந்த கூத்து உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. கையில் ஆயில் வாடை இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி அந்த அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் கைப்பிடியில் செருகிப் பலம் கூட்ட நீளமான பைப் தேடிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் டார்ச் அடித்து ப்ளக்கின் தலையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் சொன்னது இது: ட்ரெயின் ப்ளக்கின் தலை பல வண்டிகளில் தட்டையாகத்தான் இருக்கும். போல்ட் தலையில் மாட்டித் திருப்பும் சாக்கெட்டின் வாயிலோ, போல்ட் சுலபமாக நுழைவதற்காக உள்பக்கம் ஒரு சரிவு கொடுத்திருப்பார்கள். அந்தச் சரிவு இருக்கும் அளவுக்குப் பிடிப்பே கிடையாது. தலை உயரமாக இருந்தால் அது பெரிய விஷயமில்லை. தட்டைத் தலை என்றால் சாக்கெட் கவ்வுவது மிச்சமிருக்கும் சொற்ப உயரத்தை மட்டும்தான். இறுகிய ப்ளக்கில் பலம் கொடுத்ததும் நழுவும், நழுவும்போது முனைகளை மழுக்கிவிட்டுத்தான் போகும். பன்னிரண்டு முனை சாக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். அது தலையின் மூலைகளை மட்டும் பிடிக்கும். அறுமுனை சாக்கெட் பக்கங்களிலும் அழுத்தும்.

சொன்னதோடு நிற்கவில்லை. தன் செட்டிலிருந்த 17 எம்எம் அறுமுனை சாக்கெட்டை எடுத்தார், கண்ணாடி மாட்டினார், கிரைண்டரில் வைத்து அந்தச் சரிவு மறையும்வரை வாயைத் தட்டையாகத் தேய்த்தார். சூடேறினால் பதம் போய்விடும் என்று கொஞ்சம் தேய்ப்பதும் தண்ணீரில் முக்குவதுமாக இருந்தார். விளிம்பில் நின்ற பிசிறை அரத்தால் வழித்துவிட்டுக் கையில் கொடுத்தார். நல்ல டூலைக் கடன் கொடுக்கவே யோசிக்கும் உலகம் இது. இன்னொருவர் வண்டியின் ப்ளக்குக்காகத் தன் சாக்கெட்டையே வெட்டிக் கொடுப்பதை என்னவென்று சொல்வது!

அப்புறம் நடந்தது சில நிமிட வேலை. தலையில் காய்ந்திருந்த மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, சாக்கெட்டைச் சம்ப்போடு ஒட்டும்படி உட்காரவைத்து, சுத்தியலால் அளவாக ரெண்டு மூன்று தட்டு. மரைக்கு உள்பக்கம் எப்போதும் ஆயில் இருப்பதால் அங்கே துரு பிடிப்பது அபூர்வம். இறுக்கம் பெரும்பாலும் தலைக்கும் சம்ப்புக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் வாஷரில்தான், அதை அசைக்கத்தான் அந்தத் தட்டு. ராட்செட்டை (பல்சக்கரம் வைத்த கைப்பிடி) ஒதுக்கிவிட்டு நீளக் கைப்பிடி. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அழுத்தம், பிறகு கழற்றும் பக்கம் வெட்டாமல் சீரான இழுப்பு. "டக்" என்று விட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அதன் அருமை.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது என்று ஸ்டாண்டுகளோடு வந்த தம்பி, படுத்துப் பார்க்கும்போது திசை குழம்பும், தலையை நேராகப் பார்த்து இடஞ்சுழியாகத் திருப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்ன அக்கா, அது கியர்பாக்ஸ் ப்ளக் இல்லையே என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டவர், கேஸ் டார்ச்சைப் பிடுங்கி வைத்தவர் (ஆயிலுக்குப் பக்கத்தில் நெருப்பா!), இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கச் சொன்னவர். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதனால் அலுமினிய சம்ப்பில் இரும்பு ப்ளக்கின் பிடி சற்றுத் தளரும். கை சுடும் அளவுக்கு வேண்டாம் என்றும் அவரே சொன்னார். எல்லாருக்கும் நன்றி.

பைப் யோசனை சொன்னவர்களுக்கும் நன்றி, ஆனால் அடுத்த முறையும் கேட்கப் போவதில்லை. ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 40 கிலோ பாரம் கொடுத்தால் கிட்டத்தட்ட 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பல கார்களில் இந்த ப்ளக்கை இறுக்கச் சொல்வதே 25 முதல் 40தான். அவ்வளவு வித்தியாசத்தில் ப்ளக் கழலலாம், சம்ப்பின் மரையும் கூடவே வரலாம்.

இனிமேல் ஒவ்வொரு முறையும் புது வாஷர். முதல் சில சுற்று கையால் மட்டும், கடைசி இறுக்கம் மேனுவலில் உள்ள அளவுக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில். அடித்து அடித்து இறுக்கும் இம்பாக்ட் கன் அந்த ப்ளக்கின் பக்கமே வராது.

அண்ணே, தேய்த்த சாக்கெட்டைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றீர்கள். சரி. புது 17 ஒன்று உங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தேய்த்தது இங்கே இருக்கும். தட்டைத் தலை ப்ளக்கோடு மல்லுக்கட்டுபவர்கள் யாராக இருந்தாலும் வந்து எடுத்துப் போகலாம். திருப்பிக் கொடுக்கும்போது ஆயிலைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள், போதும்.