வலிக்கு வெந்நீர் வேறு, நீரில் பிரசவம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரில் பிரசவம் குறித்து அண்மைக்காலமாக நடந்துவரும் விவாதங்களில் இரு வேறு செயல்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. இடுப்பு வலி கண்டு, கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டிருக்கும் நேரத்தில் வலி தணிவதற்காக வெதுவெதுப்பான நீரில் அமர்ந்திருப்பது ஒன்று. குழந்தையையே நீருக்குள் பெற்றெடுப்பது மற்றொன்று. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட கருத்துரை, 37 வாரம் நிறைந்த, சிக்கலற்ற கர்ப்பிணிகளுக்கு முன்னதை ஏற்றுக்கொண்டு, குழந்தை பிறப்பது மட்டும் நீருக்கு வெளியே நடக்கட்டும் என்றது. இங்கிலாந்திலோ இரண்டுமே அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன.

2018இல் 15 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வின்படி, வலியின் முதற்கட்டத்தில், அதாவது கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டிருக்கும் நேரத்தில், நீரில் இருந்தவர்களுக்கு முதுகில் போடும் எபிடியூரல் போன்ற மரப்பு ஊசியின் தேவை 100க்கு 43 என்பதிலிருந்து 39 ஆகக் குறைந்தது. குழந்தைக்குக் கூடுதல் தீங்கு எதுவும் தென்படவில்லை. பெரிய அதிசயம் இல்லைதான். சிசேரியன் எண்ணிக்கையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தமிழகத்தில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியனாக முடிந்தன என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறும் நிலையில், தொட்டியில் இறங்கினால் கத்தி படாமல் பிள்ளை பெறலாம் என்று விளம்பரம் செய்வது, அச்சத்தில் இருக்கும் குடும்பங்களிடம் செய்யும் வியாபாரமே ஆகும்.

நீருக்குள் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி 2024இல் இங்கிலாந்தும் வேல்சும் சார்ந்த பெரிய ஆய்வொன்று வெளிவந்தது. சிக்கலற்ற கர்ப்பம், பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஆகிய இரண்டும் இருந்த இடங்களில் தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து கூடவில்லை. ஆனால் தொப்புள்கொடி அறுந்துபோவது மட்டும், வெளியே பிறந்தவர்களில் 1,000க்கு 3 ஆக இருந்தது, நீரில் பிறந்தவர்களில் 10 ஆக இருந்தது. குழந்தையை நீரிலிருந்து மேலே தூக்கும்போது கொடி இழுபடுவதுதான் காரணம். கொடியை உடனே கவ்விப் பிடிக்கத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் அது சிறு சம்பவம்; இல்லாவிட்டால் குழந்தை இரத்தம் இழக்கும். காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்று 2018இல் திருப்பூரில் ஒரு தாய் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

இங்கிலாந்தின் வழிகாட்டுதலில் நீரின் வெப்பம் 37.5 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. மணிக்கொரு முறை அதை அளக்க வேண்டும். சிசுவின் இதயத்துடிப்பை 15 நிமிடத்துக்கு ஒரு முறையேனும் கேட்க வேண்டும். மயக்கம் தரும் வலிநிவாரணி ஊசி போட்டு இரண்டு மணி நேரம் ஆகாதவரைத் தொட்டியில் இறக்கக் கூடாது. ஒரே செவிலியர் நான்கைந்து கட்டில்களைக் கவனிக்கும் நம் பிரசவ அறைகளில் இது நாளைக்கே நடக்கக்கூடியதன்று.

ஆயினும் வெந்நீரின் பயனை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்தே இருந்தார்கள். "இடுப்புல வெந்நி ஊத்திப் பாரு, சூட்டு வலின்னா அடங்கிடும்" என்பார்கள்; சூட்டு வலி என்றால் பொய் வலி. நான் பணியாற்றிய காலத்தில், தலைச்சன் பிரசவத்துக்கு வந்து கட்டில் கம்பியை விடாமல் பற்றிக்கொண்டிருந்த பெண்களைக் குளியலறையில் ஸ்டூலில் உட்காரவைத்து, அடிமுதுகில் குவளை குவளையாக வெந்நீர் ஊற்றுவோம். அடுத்த வலி வருவதற்குள் தோள் தளர்ந்து, வீட்டில் விட்டுவந்த மாமியாரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். குளியலறையில் வெந்நீர் வராத நாள்களே அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிரசவ அறைக்குள் உடன்துணையை அனுமதிப்பதில் முன்னோடியாக விளங்கிய தமிழக அரசு, தொட்டிக்கு முன்பாக இந்த எளிய ஏற்பாட்டைச் செய்யலாம். ஒவ்வொரு அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் பிரசவ அறையை ஒட்டி வெந்நீர்க் குழாய், கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, அழைப்பு மணி ஆகியவற்றுடன் ஒரு குளியலறை வேண்டும். தொட்டியை, மருத்துவச்சிப் பயிற்சி முடித்த செவிலியர்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கும் ஒன்றிரண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மட்டும், வலியின் முதற்கட்டத்துக்கு என்ற வரம்போடு தொடங்கி, முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிடுமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
தஞ்சாவூர்.