பனிப்புயலில் கேட்ட குரலுக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லெக்சிங்டன் ஊரிலிருந்து 880 அலைவரிசையில் ஒலிக்கும் வானொலி நிலையத்தாருக்கும், அதே மாநிலத்தின் கஸ்டர் கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) எங்களுக்குக் கதவு திறந்த வீட்டாருக்கும் வணக்கம்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் ஓர் அட்டை அனுப்பிவிட்டேன். அதில் என் கையெழுத்துக்கும் மகள் வரைந்த கன்றுக்குட்டிக்கும்தான் இடம் இருந்தது. மிச்சத்தைச் சொல்லத் தமிழ்தான் வருகிறது. நீங்கள் படிக்க மாட்டீர்கள். உங்களைப் பற்றி என் மக்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

பிப்ரவரியில் ஒரு மாலை, பிரோக்கன் போ ஊரில் மண் மாதிரிகளை வாங்கிக்கொண்டு மகளோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நெப்ராஸ்காவில் பனி மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அறைகிறது. சாலை எது, புல்வெளி எது என்று தெரியாமல் கார் ஓரப் பள்ளத்தில் இறங்கியது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த புதிதில் கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமியப் பாணிப் பாடல்கள் எனக்கு ஆகவே ஆகாது. பழைய டிரக், பிரிந்துபோன காதலி, இவற்றுக்கு நடுவே இழுத்து இழுத்து அழும் ஸ்டீல் கிட்டார். சோள விலையும் மாட்டுச் சந்தை நிலவரமும் என் வேலைக்கு வேண்டியிருந்ததால் பாட்டைப் பொறுத்துக்கொண்டேன். அன்று பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பாளர் பேசினார். காரை விட்டு நடந்து போகாதீர்கள்; எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள்; அதற்கு முன் புகைக்குழாயை அடைத்த பனியைத் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் நச்சுப் புகை உள்ளே வரும் என்றார்.

நான் முக்கால் மணி நேரமாக எஞ்சினை அணைக்கவே இல்லை. இறங்கிப் பார்த்தபோது குழாய் கண்ணுக்கே தெரியவில்லை. கையால்தான் தோண்டினேன். பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் களைப்பில் தூங்கினாளா, வேறு காரணமா என்று இன்றும் நினைத்துப் பார்க்க அஞ்சுகிறேன். அறிவிப்பாளர் ஐயா, அந்த நான்கு வரிகளை அன்று எத்தனை முறை படித்தீர்களோ! ஒரு முறை எங்களுக்காகப் படித்தீர்கள்.

அடுத்து பண்ணைக்காரர். அது பசுக்கள் ஈனும் காலம். இரண்டு மணிக்கொரு தரம் தொழுவத்துக்குப் போய்ப் பார்க்காவிட்டால் பிறந்த கன்று விறைத்துவிடும். அப்படிப் போனவர் கண்ணில் எங்கள் கார் விளக்கு பட்டது. டிராக்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே குளியல் தொட்டியில் வெந்நீருக்குள் ஒரு கன்று கிடந்தது! அம்மா, நீங்கள் ஒரு கையால் அதற்குப் புட்டியில் சீம்பால் புகட்டிக்கொண்டே மறுகையால் என் மகளுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தீர்கள். சமையலறையிலும் அதே 880 ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையத்தின் கதையை அன்றிரவு அவர்கள் மேசையில்தான் கேட்டேன். வானிலையும் சந்தை விலையும் தங்களுக்குச் சரியாக வருவதில்லை என்று 1948இல் உழவர் அமைப்புகள் சேர்ந்து சொந்த வானொலிக்காக ஒரு சங்கம் தொடங்கின. மறு ஜனவரியில் பெரும் பனிப்புயல். ராணுவம் புல்டோசர்களால் வழி திறக்க, விமானங்கள் மாடுகளுக்கு வைக்கோல் போட்டன. உழவர்கள் திரட்டிய பணத்தில் 1951 பிப்ரவரியில் ஒலிபரப்பு தொடங்கியது. இன்றும் நிலையம் அவர்களுடையதுதான். ஐம்பதாயிரம் வாட். அதே அலைவரிசையில் நியூயார்க்கிலும் ஒரு நிலையம் இருப்பதால், இரண்டும் மோதிக்கொள்ளாதபடி இருட்டியதும் அலையின் போக்கை மாற்றி அனுப்புகிறார்களாம்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது அப்பாவுக்கு வியப்பே இல்லை. தஞ்சாவூர்க்காரர். அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லிக் கேட்டு ஆடுதுறை 27 விதைத்தார்கள், ஊரே அதை ரேடியோ நெல் என்றுதான் அழைத்தது. "உழவனுக்கு ரேடியோ சொல்லாமல் வேறு யார் சொல்வது?" என்றார்.

மறுநாள் விடியுமுன் பனி அள்ளும் வண்டியோடு வந்து சாலையைத் திறந்த ஓட்டுநருக்கும் நன்றி. உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

பண்ணைக்கார அம்மா, என் மகள் போட்டு வந்த உங்கள் கம்பளிக் கையுறைகள் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. தர மாட்டேன் என்கிறாள். மே மாதம் புல் முளைத்ததும் அந்தக் கன்றைப் பார்க்க வருகிறோம். அப்போது அவள் கையாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.