ஆய்வேட்டைப் படித்து விருது கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவில் சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு வழங்கப்படும் விருதுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விருது பெற்றவர்கள் எத்தனை மாநாட்டுக் கட்டுரைகள் எழுதினார்கள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எந்த நிறுவனம் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது என்றெல்லாம் விரிவாக இருந்தது. அவர்களுடைய ஆய்வேட்டுக்குள் என்ன இருந்தது என்பதற்கு இரண்டே வரிகள். கட்டுரையாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விருதைப் பற்றிய பேச்சே எங்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. பல ஆண்டுகள் நெறியாளராகவும் புறத்தேர்வாளராகவும் இருந்தவன் நான். தேர்வுக்குழுக்களும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிட்டனவோ என்ற கவலைதான் என்னை எழுத வைத்தது.

1974-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பால் வெர்போஸ் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தார். நடத்தை அறிவியல்களில் முன்கணிப்புக்கான புதிய கருவிகள் என்பது அதன் பொருள். கணக்கின் முடிவில் தெரியும் பிழையைப் பின்னோக்கிக் கொண்டுபோய், அந்தப் பிழையில் உள்ளே இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் வழி அதற்குள் இருந்தது. அந்த வழியின் கணிதத்தை 1970-இலேயே பின்லாந்தில் செப்போ லின்னைன்மா தம் முதுநிலை ஆய்வேட்டில் எழுதியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று நாம் வியந்து பார்க்கும் நரம்பு வலையமைப்புகள், அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தம் உள் எண்களைத் தாமே திருத்திக்கொள்ளும் கணினி அமைப்புகள், பயிற்சி பெறுவது இந்த உத்தியால்தான். ஆனால் 1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய பிறகுதான் அது துறை முழுவதும் பரவியது. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். 1975-இல் ஒரு தேர்வுக்குழு கூடி, யார் யார் இதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பக்கங்களைப் புரட்டிப் படித்திருந்தால் மட்டுமே அந்த யோசனை கண்ணில் பட்டிருக்கும்.

கிறிஸ் வாட்கின்ஸ் கேம்பிரிட்ஜில் 1989-இல் முடித்த ஆய்வேடும் அப்படித்தான். ஒரு செயலின் பலன் உடனே தெரியாமல் நெடுநேரம் கழித்துத் தெரியும்போது, எந்தச் செயல் நல்லது என்று எப்படிக் கற்றுக்கொள்வது என்பதே அவருடைய கேள்வி. அதில் பிறந்ததுதான் ‘கியூ’ கற்றல் என்ற முறை. அதனுடன் பல அடுக்குகள் கொண்ட ஆழ்ந்த நரம்பு வலையமைப்பைச் சேர்த்து, அட்டாரி என்ற பழைய வீடியோ விளையாட்டுகளில் 49-ஐ ஒரே நிரல் ஆடக் கற்றுக்கொண்டது என்று டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் குழுவினர் 2015-இல் அறிவித்தார்கள். கால் நூற்றாண்டு கடந்த பிறகு வந்த அறுவடை அது.

இப்போது கொடுக்கப்படும் விருதுகள் எல்லாமே தவறான கைக்குப் போகின்றன என்று நான் சொல்லவில்லை. கணினி அறிவியலில் பெரிதும் மதிக்கப்படும் ஏ.சி.எம். அமைப்பின் முனைவர் ஆய்வேட்டு விருது 2018-க்கு செல்சி ஃபின்னுக்குக் கிடைத்தது. ஒரு சில எடுத்துக்காட்டுகளைப் பார்த்தே புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும்படி இயந்திரத்தை எப்படி முன்கூட்டித் தயார் செய்வது என்ற அவருடைய ஆய்வு அதற்கு முழுத் தகுதி உடையது. என் மனம் இன்னும் நிறைந்தது 2021-க்கான விருதில். மணீஷ் ராகவன் என்ற இளைஞர், மனிதர்களைப் பற்றி இயந்திரம் முடிவெடுக்கும்போது என்னென்ன நேர்கிறது என்று ஆராய்ந்தவர். இரு பிரிவு மக்களிடம் நியாயமாக நடந்துகொள்வதற்கு நாம் இயல்பாக எதிர்பார்க்கும் மூன்று நிபந்தனைகளை, சில விதிவிலக்கான சூழல்கள் தவிர, ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது என்று அவரும் உடன் ஆய்ந்தவர்களும் கணித முறையில் நிறுவினார்கள். ‘முடியாது’ என்று நிறுவியவருக்கும் விருது உண்டு என்பது எத்தனை ஆய்வு மாணவர்களுக்குத் தெம்பு தரும்!

ஏனென்றால் ‘முடியவில்லை’ என்று எழுதவே மாணவர்கள் இன்று அஞ்சுகிறார்கள். புறத்தேர்வாளராக எனக்கு வந்த ஓர் ஆய்வேட்டில் ஆறு மாநாட்டுக் கட்டுரைகள் அப்படியே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முன்னால் ஒரு முன்னுரை, பின்னால் ஒரு முடிவுரை. ஒவ்வொரு கட்டுரைக்கும் எட்டுப் பத்து ஆசிரியர்கள். இதில் உங்களுடைய பங்கு எது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டேன். அந்த மாணவர் நேர்மையானவர், திறமைசாலி. இருந்தும் அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தனியாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட அவருக்கு ஓராண்டுகூடக் கிடைக்கவில்லை என்பது பேசப் பேசத்தான் புரிந்தது. ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் முடிந்தால் அடுத்ததற்கான கடைசி நாள் வந்துவிடுகிறது.

வேறொரு மாணவி 2019-இல் மொழி பற்றிய ஆய்வில் சேர்ந்தார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபோது, அவர் மூன்றாண்டுகளாகச் செதுக்கிய முறையைவிட அது நன்றாகவே விடை சொன்னது. அவர் கலங்கிப்போனார். ஆனால் அவருடைய ஆய்வேட்டில் ஒரு முழு இயல், பலிக்காமல் போன முயற்சிகளைப் பற்றியது. எதைச் செய்து பார்த்தார், எத்தனை முறை, எங்கே இடறியது, தரவில் எந்த வகை வாக்கியம் வந்தால் அவர் உருவாக்கிய கணினி மாதிரி தடுமாறியது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். அதைப் படித்ததால் என் மாணவர்கள் இருவர் அதே முட்டுச்சந்துக்குள் போகாமல் தப்பினார்கள். அந்த இயலை எடுத்துவிடும்படி அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டிருந்தது என்பது பின்னால் தெரிந்து மிகவும் வருந்தினேன்.

தேர்வுக்குழுக்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் ஆய்வேடுகளையாவது உறுப்பினர்கள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கட்டும். மேற்கோள் எண்ணிக்கையை விண்ணப்பத்திலிருந்தே நீக்கிவிடலாம். பட்டம் பெற்று ஓராண்டுக்குள் வரும் எண்ணிக்கை பெரும்பாலும் நெறியாளரின் செல்வாக்கைத்தான் காட்டும். இத்தகைய பயிற்சிக்குப் பயன்படும் விரைவுக் கணிப்புச் சில்லுகளான ஜி.பி.யு.க்கள் எத்தனை, எத்தனை நாள் ஓடின என்பதையும் ஆய்வேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பெருநிறுவனத்தின் கணினிகளை மாதக்கணக்கில் ஓட்டி எட்டிய முடிவையும், ஆய்வகத்தில் கிடைத்த ஒற்றை இயந்திரத்தில் எட்டிய முடிவையும் ஒரே அட்டவணையில் வைத்து மதிப்பெண் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிரலும் தரவும் இருந்தால், குழுவில் ஒருவராவது ஒரே ஒரு சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்கலாமே.

இன்னொன்று, பரிந்துரை. பெரும்பாலான விருதுகளுக்கு நெறியாளரோ துறையோதான் பெயரை அனுப்ப வேண்டியிருக்கிறது. நெறியாளர் பரிந்துரைக் கடிதம் எழுதச் சோம்பல்பட்டால், அல்லது மாணவரோடு மனத்தாங்கல் இருந்தால், அந்த ஆய்வேடு கதவைக்கூடத் தட்டுவதில்லை. மாணவர் தாமே அனுப்பவும் ஒரு வழி வேண்டும். ஆய்வேட்டைப் படித்த புறத்தேர்வாளர் அனுப்பவும் வழி வேண்டும். அந்த மாணவியின் பெயரை அனுப்ப நான் அப்போதே ஆயத்தமாக இருந்தேன். புறத்தேர்வாளருக்கு அந்த உரிமை இல்லை என்று பதில் வந்தது.

அந்த இயலை அவர் நீக்கவில்லை. பின்னிணைப்புக்கு மாற்றி வைத்திருக்கிறார். புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் அந்தப் பின்னிணைப்பைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணினி அறிவியல் பேராசிரியர்