மட்டக்களப்பு, அம்பாறை ஊடகத் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நான் பத்திரிகைக்காரன் இல்லை. மட்டக்களப்பு டவுனில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த கம்பொசிட்டர். கல்யாணக் காட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று இருபது வருசம் அதிலேயே போனது. இப்போது தினமும் உங்கள் செய்திகளைத்தான் கைபேசியில் வாசிக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு, மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஹட்டன் பக்கமிருந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் அப்பாயி அடிக்கடி 'ஐயரு' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லுவா. கோயில் ஐயர் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தோட்டத் தொழிலாளருக்காக எழுதியும் சங்கம் கட்டியும் போராடிய பத்திரிகைக்காரர் கோ. நடேசய்யர் என்று பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தில் முதலில் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் எழுந்து பாடுவாவாம். பாட்டுக் கேட்டு லயத்துச் சனம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், கூடிய பிறகுதான் ஐயர் பேசுவாராம். அப்பாயிக்குச் சொற்கள் மறந்துவிட்டன, மெட்டு மட்டும் கடைசிவரை இருந்தது. நெல் புடைக்கும்போது அதை முணுமுணுப்பா.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் அவர். இங்கே வந்த புதிதில் தோட்டத்துச் சனத்தின் நிலையைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. என்ன செய்தார் தெரியுமா? புடவை வியாபாரி வேஷம் போட்டு, மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் போனார். புடவை பார்க்க வந்த பெண்களிடம் சம்பளத்தையும் கடனையும் விசாரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகையில் எழுதினார். 1924இல் 'தேசபக்தன்' தொடங்கினார். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் தொழிலாளரைக் கடனில் கட்டிப்போட்ட கதையும், விலக அனுமதிக்கும் பற்றுச்சீட்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாத கதையும் அச்சில் ஏறின.

அவர் சோசலிஸ்டா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வராது. காந்தியை மதித்தவர். போல்ஷவிக், அதாவது ரஷ்யப் புரட்சிக்காரரின் ஆள், என்று வெள்ளைக்கார அரசு சந்தேகப்பட்டவரும் அவர்தான். ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து கொழும்பில் தொழிற்சங்கம் நடத்தினார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது பிரிந்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கும் போனார். 1947 நவம்பரில் கண்ணை மூடினார். அடுத்த வருசம் குடியுரிமைச் சட்டம் வந்து என் அப்பாயியை நாடற்றவளாக்கியது. அவர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் யோசிக்காத நாள் குறைவு.

சரி, உங்களிடம் வருகிறேன்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஏப்ரலில் நம்ம ஊர்ப் பிள்ளை, பத்திரிகையாளர் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். இந்த மண்ணில் பேனா பிடிக்கிறவனுக்கு என்ன விலை என்று உங்கள் வீட்டாருக்குத் தெரியும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தபோது அதை வெளியே கொண்டுபோனவர்களும் நீங்கள்தான். அதற்கு நன்றி.

ஆனால் ஒன்று மனசை அரிக்கிறது. பட்டம் சூட்டு விழா, பொன்னாடை, அமைச்சர் வருகை, அமைப்புகள் அனுப்பும் அறிக்கை: உங்கள் நாள் இதிலேயே முடிகிறது. எங்கள் ஊருக்கு வியாழக்கிழமை லோன் கிழமை. பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் லோன்காரத் தம்பி வருவார். வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் பெண்கள் குழுவாக இருப்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் மூலை மடங்கிய ஒரு சின்னப் புத்தகம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழும்ப முடியாது. போன மாசம் ஒரு மகள் காதுத் தோட்டைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துக் காசு வாங்கி வந்து கட்டினாள். தோடு இல்லாத காதை முந்தானையால் மூடிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கங்காணிக் கடனைப் பற்றி அப்பாயி சொன்னதெல்லாம் அந்த நேரம் ஞாபகம் வந்தது.

'நுண்கடனால் பெண்கள் பாதிப்பு' என்று செய்தி வராமலில்லை. அதில் அந்தப் புத்தகம் இல்லை. வாங்கியது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இன்னும் எத்தனை கிழமை, எதற்காக வாங்கினாள், நெல் வெட்ட மெஷின் வந்த பிறகு கூலி எத்தனை நாளுக்குக் கிடைக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அம்பாறைப் பக்கத் தம்பிமாரே, ஹிங்குராணைக் கரும்பு வெட்டுகிறவர்களிடமும் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மில் முதலாளியிடம் கேட்டதை மட்டும் போடாதீர்கள்.

பெயரை மாற்றி எழுதுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். அந்தப் பெண்கள் நாளைக்கும் அதே பாயில்தான் உட்கார வேண்டும். கணக்கை மட்டும் மாற்றாமல் போடுங்கள்.

புடவை மூட்டை ஒன்றும் தேவையில்லை. வருகிற வியாழன் கெமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கொப்பியோடு எங்கள் ஊருக்கு வாருங்கள். ஒன்பதரைக்கே வந்தால் நல்லது, லோன்காரர் வருமுன் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். என் திண்ணையில் இடம் இருக்கிறது. தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
படுவான்கரையிலிருந்து ஒரு பழைய கம்பொசிட்டர்