துயரம் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

கவிதை இதழ்களின் ஆசிரியர்களுக்கும் போட்டி நடுவர்களுக்கும் தொகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சிறுவயதில் அம்மாவையோ அப்பாவையோ உடன்பிறப்பையோ பறிகொடுத்ததைப் பற்றிய கவிதைகள் திரும்பி வரும்போது, கூடவே வரும் குறிப்பு இப்போது வாய்ப்பாடாகிவிட்டது: ‘வீட்டுச் சாமான்கள்தான் இருக்கின்றன, துயரம் எந்த வரியில் இருக்கிறது?’ கொஞ்சம் கனிவான ஆசிரியராக இருந்தால், கடைசியில் இரண்டு வரி சேர்த்தால் நெஞ்சைத் தொடும் என்பார். இரண்டும் ஒரே கோரிக்கைதான். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது போதும், பெரியவர் யாராவது வந்து அழட்டும் என்கிறீர்கள்.

எனக்கு வழக்கே அதில்தான்.

நான்கு வயதுப் பிள்ளைக்குச் செத்தவர் திரும்ப மாட்டார் என்பதே சரியாகப் பிடிபடுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் அது மெல்ல விளங்குகிறது. விளங்கிய பிறகும் பெரியவர்களைப் போல நாள் முழுக்கத் துக்கம் காக்கத் தெரியாது. சற்று அழும், எழுந்து விளையாடப் போகும், படுக்கப் போகும் நேரத்தில் திடீரென்று ஏதாவது கேட்கும். ‘வெறுமை’, ‘இழப்பு’ எல்லாம் அதன் கையில் இல்லாத சொற்கள். அதற்குத் தெரிந்தவை செருப்பு கிடக்கும் மூலை, சீப்பில் சிக்கியிருக்கும் முடி, தன் கைக்கு எட்டாத தாழ்ப்பாள். நேற்றுவரை ஒருவர் திறந்துவிட்ட தாழ்ப்பாளை இனி யார் திறப்பார் என்பதுதான் அதற்கு முதலில் எழும் கேள்வி. அந்தக் கேள்வியை எழுதியவரிடம் போய்த் துயரம் எங்கே என்று கேட்டால் அவர் என்னதான் செய்வார்?

அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்பின் ‘செஸ்டினா’ என்ற கவிதையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிஷப் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தந்தை இறந்தார். 1916இல், அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, தாயை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன்பின் மகள் தாயைப் பார்க்கவே இல்லை. கவிதையிலோ இதில் ஒன்றும் கிடையாது. வீடு, பாட்டி, குழந்தை, அடுப்பு, பஞ்சாங்கம், கண்ணீர் என்ற ஆறு சொற்களே வரிகளின் முடிவில் மாறி மாறி வருகின்றன. யார் போனார், ஏன் போனார் என்று 39 வரிகளில் ஓரிடத்திலும் இல்லை. பாட்டி சிரித்துப் பேசித் தன் அழுகையை மறைக்கிறாள். குழந்தை பார்ப்பது கெண்டியிலிருந்து சூடான அடுப்பின்மேல் விழுந்து துள்ளும் நீர்த்துளிகளை. பிறகு அது ஒரு வீட்டை வரைந்து, ஒரு மனிதனையும் வரைகிறது. அவன் சட்டைப் பொத்தான்கள் கண்ணீர்த் துளிகள்போல இருக்கின்றன. தகப்பன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. செஸ்டினா என்ற அந்த யாப்பே எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஆறு பொருள்களில் கொண்டுவந்து முட்டவைக்கிறது. துக்கம் நடந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளை வேறு எங்கே போகும்? இதை நம் போட்டி எதற்காவது அனுப்பியிருந்தால், ‘கருத்து’க்கு மதிப்பெண் இல்லாமல் முதல் சுற்றிலேயே கழிந்திருக்கும்.

1798இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘நாங்கள் எழுவர்’ கவிதையில் நீங்களே ஒரு பாத்திரமாக வருகிறீர்கள். எட்டு வயதுச் சிறுமி, உடன்பிறந்தார் எத்தனை பேர் என்று கேட்டால் ஏழு என்கிறாள். இருவர் இறந்துவிட்டார்களே, அப்படியானால் ஐந்துதானே என்று பெரியவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவளோ கல்லறைகள் தன் அம்மாவின் வாசலிலிருந்து பன்னிரண்டு காலடித் தூரம்தான் என்கிறாள். அங்கே உட்கார்ந்து காலுறை பின்னுவதையும், கிண்ணத்தை எடுத்துப்போய் அங்கேயே இரவு உணவைச் சாப்பிடுவதையும் சொல்கிறாள். அவளுடைய சான்று முழுக்க வீட்டுப் பொருள்தான். பெரியவர் கடைசிவரை விடவில்லை. அவளும் விடவில்லை.

இது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது பட்டினத்தார் பாடியதாக வழங்கும் வெண்பாக்களில் வளர்ந்த மகன் தன் குழந்தைப் பருவத்துக்குப் போக எதைப் பிடித்துக்கொள்கிறார்? ‘வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து’ என்று தொடங்கி விறகில் வந்து முடிகிறார். அந்த விறகும் அடுக்களையில் கிடக்கும் பொருள்தானே. துறவிக்கே வீட்டுச் சாமான் இல்லாமல் அழ முடியவில்லை.

சாமானை அடுக்கிவிட்டால் கவிதையாகிவிடும் என்று நான் வாதாடவில்லை. அம்மாவின் புடவை வாசமும் அப்பாவின் சாய்வு நாற்காலியும் எனக்கும் அலுத்துவிட்டன. யாருடைய வீட்டிலும் பொருந்துகிற பொருள் எந்த வீட்டுப் பொருளும் இல்லை. பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்ததா, அதன் பிழையான கணக்கு ஏதாவது அதில் ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். மேசையின் அடிப்பக்கம் பிள்ளைக்குத் தெரியும், மேற்பக்கம் தெரியாது. மேற்பக்கத்தை விரிவாக எழுதும் கவிதையைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஆகவே, கடைசி இரண்டு வரி கேட்பதை இனியாவது விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அப்படி இரண்டு வரியோடு வந்தால், அவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். இத்தகைய கவிதைகளை ‘நினைவேக்கம்’ என்றோ ‘அடுக்களைக் கவிதை’ என்றோ தனித் தட்டில் ஒதுக்க வேண்டாம். உண்மையில் நடந்ததா என்று எழுதியவரைக் குடைவதும் வேண்டாம். நிராகரிப்பது உங்கள் உரிமை. நிராகரிக்கும்போது, எந்தப் பொருள் பொய்யாகத் தெரிகிறது என்று ஒரு வரி எழுதினால், எழுதியவர் அதை வைத்துத் திருத்திக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களைத் தொடர்ந்து படிக்கும் வாசகி ஒருத்தி