கையெழுத்துப் போடும் முன்

அன்பு மகளுக்கு,

சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கிவிட்டேன் என்று நீ சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான். கூடவே ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

டெசிலு என்று அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இருந்தது. நடிகை லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் தங்கள் பெயர்களை ஒட்டி 1950இல் தொடங்கியது. அப்போது டிவி நாடகங்கள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகத்தான் போகும். தூரத்து ஊர்களுக்கு, டிவித் திரையையே படம்பிடித்த மங்கலான பிரதிதான் கிடைக்கும். இவர்கள் ஹாலிவுட்டிலேயே ஃபிலிமில் எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடுமே என்று சேனலும் ஸ்பான்சரும் இழுத்தபோது, எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், ஃபிலிம் எங்களுக்குச் சொந்தம் என்றார்கள். சேனல் சம்மதித்தது. ஒருமுறை பார்த்ததை மறுபடி யார் பார்ப்பார்கள் என்பது அன்றைய கணக்கு!

அப்படி எடுத்த 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் 1951இல் வந்தது. எதிரே பார்வையாளர்கள், ஒரே சமயத்தில் மூன்று கேமரா. மூன்று கோணத்துக்கும் பொருந்தும்படி லைட்டிங் அமைத்தவர் கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் மௌனப்பட காலத்திலேயே பேர் வாங்கியவர். அந்த லைட்டிங்கை நீ ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பழைய எபிசோடுகளை பிறகு அதே சேனல் பல மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. 1957இல் டெசிலு ஆர்கேஓ ஸ்டுடியோவை விலைக்கு வாங்கியது. லூசில் ஒரு காலத்தில் ஒப்பந்த நடிகையாக வேலை பார்த்த இடம் அது! விவாகரத்துக்குப் பின் 1962இல் கணவரின் பங்கையும் வாங்கி அவரே தலைமை ஏற்றார். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் அவர் காலத்தில்தான் வந்தது. 1967இல் நிறுவனத்தை விற்றார்.

என் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. முதல் தொடருக்கு அட்வான்ஸ் வந்த மகிழ்ச்சியில், கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எல்லா உரிமையும் சேனலுக்குப் போய்விட்டது. சில வருடம் கழித்துப் பிரதி கேட்டேன். டேப்புகளை அழித்து வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்களாம். ஒரு எபிசோடில் உன் அம்மா குரல் கொடுத்திருந்தாள். அதுவும் போயிற்று.

ஒப்பந்தம் ஏதாவது வந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், சின்ன எழுத்தும் நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
அப்பா